கியர் மாற்றத்தின் வன்மையும் மென்மையும்

மோட்டார் வண்டியின் பற்சக்கரங்களைத் தண்டின்மேல் நகர்த்தி ஒன்றோடொன்று பொருத்தும் முறையை 1890ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே பிரான்சு நாட்டில் வழக்குக்குக் கொண்டுவந்தவர் எமில் லெவசோர். இம்முறை முரடானது, ஆயினும் வேலை செய்கிறது என்று அவர் கூறியதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. அந்த முரட்டுத்தன்மையைத் தணிக்கப் பொறியியலாளர் நெடுங்காலம் முயன்றனர். தணித்த பின்னரோ, அதில் ஓரளவு மீண்டும் வேண்டும் என்று வண்டியோட்டுவோர் கேட்கலாயினர். இவ்விரு விருப்பங்களுக்கும் இடையே நிகழ்ந்த இழுபறியே கியர்ப் பெட்டியின் வரலாறு எனலாம்.

தொடக்கத்தில் இவ்விடயத்தின் முழுப்பொறுப்பும் சாரதியின் கையிலும் காலிலுமே இருந்தது. வெவ்வேறு வேகத்திற் சுழலும் இரு சக்கரங்களை அவன் செவியால் அறிந்து பொருத்தவேண்டும். தவறினாற் பற்கள் உராய்ந்து அலறும். 1928ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கடிலாக் வண்டிகளில் ஏர்ல் தொம்சன் என்பாரின் அமைப்பு இடம்பெற்றது. உராய்வுக் கூம்புகளின் உதவியால் இரு சக்கரங்களின் வேகத்தையும் முதலிற் சமப்படுத்தி, அதன் பின்னரே பற்களைப் பொருந்தவிடுவது அதன் சிறப்பு. அதனால் அலறல் அடங்கியது. ஆயினும் மாற்றும் வேளையைத் தீர்மானிப்பது இன்னும் சாரதியின் கடமையாகவே இருந்தது.

அக்கடமையையும் இயந்திரத்திடம் ஒப்படைக்க வழிகாட்டியது கப்பற்றொழிலாகும். ஜேர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905ஆம் ஆண்டிலே, கப்பலின் நீராவிச் சுழலியையும் உந்துவிசிறியையும் திரவத்தினால் இணைக்கும் முறையை வகுத்தார். எதிரெதிராக வைத்த இரு காற்றாடிகளில் ஒன்றைச் சுழற்றினால், அதன் காற்றுப்பட்டு மற்றையதும் சுழல்கிறதன்றோ? காற்றுக்குப் பதிலாக எண்ணெய் என்பதே இங்கு வேறுபாடு. இத்தத்துவத்தைக் கோள் அமைப்புப் பற்சக்கரங்களோடு சேர்த்து, அதே தொம்சனின் தலைமையில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஹைட்ரமற்றிக் பெட்டி 1939ஆம் ஆண்டிலே ஒல்ட்ஸ்மொபில் வண்டிகளில் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் எம் 5 ஸ்டுவர்ட் என்னும் இலேசுத் தாங்கிகளிலும் அது பணிபுரிந்தது.

இப்பெட்டியுள்ளே தீர்ப்பு வழங்குவது எண்ணெயின் அமுக்கமே. வண்டியின் வேகத்துக்கேற்ப உயரும் அமுக்கம் ஒருபுறமும், சாரதி அக்சிலரேற்றரை மிதிக்கும் அளவுக்கேற்ப உயரும் அமுக்கம் மறுபுறமுமாக ஒரு சிறு வால்வைத் தள்ளும். வேகத்தின் அமுக்கம் மேலோங்கும் கணத்திலே அடுத்த கியர் பற்றிக்கொள்ளும்.

பற்றுதல் என்னும் அச்செயலிலேதான் சிக்கல் உள்ளது. ஒரு கிளச்சு விடுபடும்போது மற்றொன்று பிடிக்கவேண்டும். அது மெல்லப் பிடித்தால் தகடுகள் சிறிதுநேரம் வழுக்கும். பயணி குலுக்கலை உணரான். ஆனால் வழுக்கும் ஒவ்வொரு கணமும் வெப்பமாகித் தகட்டின் மேற்பூச்சைத் தின்னும். விரைந்து பிடித்தால் வெப்பம் குறையும். ஆனால் வண்டி துள்ளும். துள்ளலின் சுமையை அச்சுத்தண்டுகளும் பற்களும் தாங்கவேண்டும். மென்மைக்கும் விலையுண்டு, வன்மைக்கும் விலையுண்டு.

மென்மையை அதன் எல்லைக்கே கொண்டுசென்றது, பியூயிக் வண்டிகளில் 1948ஆம் ஆண்டிலே வந்த டைனாபுளோ. வழக்கமான ஓட்டத்தில் அது கியர் மாற்றுவதேயில்லை. குலுக்கல் ஒழிந்தது; ஆயின் எண்ணெயின் வழுக்கலில் வலுவும் எரிபொருளும் வீணாயின. மாறாக, 1950ஆம் ஆண்டுகளிலே கலிபோர்ணியாவின் நேர்கோட்டு ஓட்டப் பந்தயக்காரர் ஹைட்ரமற்றிக் பெட்டியைப் பிரித்துத் தம் தேவைக்கேற்ப மாற்றி, வன்மையான பிடியைத் தேடினர். இத்தகைய மாற்றங்களுக்கென எண்ணெய்த் துளைகளை அகலமாக்கியும் சுருள்வில்லை இறுக்கியும் பிடியை விரைவாக்கும் உதிரிப்பாகத் தொகுதிகள் பின்னர் கடைக்கும் வந்தன.

துளையும் வில்லும் செய்த வேலையை எண்கள் செய்யத் தொடங்கியது பின்னர் நிகழ்ந்தது. 1989ஆம் ஆண்டிலே கிறைஸ்லர் நிறுவனம் வெளியிட்ட பெட்டியில், ஒவ்வொரு மாற்றத்தையும் கணினி அளந்து, அடுத்த முறை தன்னைத் திருத்திக்கொண்டது. 1991ஆம் ஆண்டளவில் பாரம் சுமக்கும் பிக்கப் வண்டிகளுக்கான ஜெனரல் மோட்டோர்ஸ் பெட்டியிலும் அமுக்கத்தை ஆள்வது மின்வால்வாயிற்று. எவ்வளவு மிதித்தால் எவ்வளவு அமுக்கம் என்பது கணினியின் நினைவிலே ஓர் அட்டவணையாக அமைந்தது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு முதல் இலகு வாகனங்களிலே பொதுவான பரிசோதனை இணைப்பி கட்டாயமாயிற்று. அதனூடாக அட்டவணையை மாற்றியெழுதும் சிறு கருவிகளும் பரவலாயின.

தொழிற்சாலையின் அட்டவணை, வெறும் வண்டியோடு கடைக்குச் செல்பவரையும் கனமான இழுவைப் பெட்டியோடு மலையேறுபவரையும் ஒருங்கே திருப்திப்படுத்த எழுதப்பட்டது. ஆதலால் எஞ்சினின் வலுவைக் கூட்டிக்கொண்ட ஒருவர் கியர்ப் பெட்டியின் அமுக்கத்தைப் பழைய அளவிலேயே விட்டால், தகடுகள் விரைவில் கருகும். அமுக்கத்தை எல்லா நிலைகளிலும் ஒரேயடியாக உயர்த்தினாலோ, மெல்ல ஓட்டும் வேளையிலும் வண்டி உதைக்கும். அன்றியும், கியர் மாறும் கணத்தில் எஞ்சினின் விசையைக் கணினி சற்றே தணிப்பதுண்டு. அதனையும் நீக்கினால் தண்டு முறியவும் கூடும். ஆகவே அனுபவமுள்ளோர் இலேசாக மிதிக்கும் நிலைகளைப் பெரிதும் தொடாமல், பாரம் மிகுந்த நிலைகளில் மட்டும் சிறிது சிறிதாக அமுக்கத்தைக் கூட்டி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்ப்பர். தேய்ந்த தகட்டையும் கருகிய எண்ணெயையும் எந்த எண்ணாலும் புதுப்பிக்க முடியாது என்பதையும் அவர் அறிவர்.

சாரதியின் கையில் இருந்த பொறுப்பு எண்ணெய்க்கும், எண்ணெயிலிருந்து எண்ணுக்கும் சென்றது. ஆயினும் எவ்வளவு வன்மை போதும் என்னும் வினாவுக்கு எந்தக் கருவியும் தானாக விடை கூறாது. சுமக்கும் பாரத்தையும் செல்லும் வழியையும் அறிந்தவரே அதற்கு விடை கூறவேண்டும்.