டொக்டர் கிளாடிஸ் ஜயவர்தனவும் நம் வீட்டு மாத்திரையும்

கொஞ்சம் நீளமான பதிவுதான், நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை பதினோராம் தர வரலாற்றுப் பாடத்தில் ஒரு மாணவன் எழும்பி, "சேர், எண்பத்தொன்பதுல மருந்து கொண்டு வந்ததுக்காக ஒரு டொக்டர் அம்மாவைச் சுட்டாங்களாமே, உண்மையா?" என்று கேட்டான். அவனுடைய தாத்தா சொல்லியிருக்கிறார். பதில் சொல்லத் தொடங்கும்போதே மணி அடித்துவிட்டது. இன்று செப்டெம்பர் 12. அந்த அம்மையார் கொல்லப்பட்ட நாள். அதனால் அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

உண்மைதான் மகன். அவருடைய பெயர் டொக்டர் கிளாடிஸ் ஜயவர்தன. அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் தலைவராக இருந்தவர். 1989ஆம் ஆண்டு கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியாவில் செய்த மருந்துகளை இலங்கைக்கு இறக்குமதி செய்ததுதான் அவர் மேல் சுமத்தப்பட்ட குற்றம்.

இது ஏதோ கொழும்புக் கதை என்று நினைக்காதீர்கள். அந்தக் கூட்டுத்தாபனத்தின் வேர் நம் ஊவாவில் இருக்கிறது. அதை உருவாக்கியவர் பேராசிரியர் சேனக பிபிலே. வெல்லஸ்ஸைப் பக்கத்துப் பிபிலே குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் கண்டது சின்ன விஷயம்தான், ஆனால் கம்பெனிகளுக்குக் கசந்த விஷயம். ஒரே மருந்து பல கம்பெனிப் பெயர்களில், பல விலைகளில் வருகிறது. பெயருக்குத்தான் காசு போகிறது. மருந்தை அதன் சொந்தப் பெயரிலேயே, உலகம் முழுக்க விலை கேட்டு, தரமும் பார்த்து, மலிவாகத் தருபவரிடம் அரசே மொத்தமாக வாங்கினால் என்ன? 1971இல் கூட்டுத்தாபனம் பிறந்தது இப்படித்தான். நாம் சாமான்யமாக "ஒசுசல" என்று சொல்லும் கடைகள் அதன் கடைகள். பிபிலே 1977இல் தூர தேசமான கயானாவில் காலமானார்.

இப்படி விலை கேட்டு வாங்கும்போது இந்திய மருந்து வராமல் எப்படி இருக்கும்? பக்கத்து நாடு, மலிவு. பதுளை ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பவருக்கும், தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கி வரும் தாய்க்கும் கையில் கிடைப்பது அந்த மாதிரி மருந்துதான். எங்கள் மூத்தம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்தது. மாத்திரை எந்த நாட்டில் செய்தது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தீர்ந்து போகாமல் இருக்கிறதா என்பதுதான் அவருடைய கவலை.

1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய அமைதிப்படை வடக்கு, கிழக்குக்கு வந்தது. அதை எதிர்த்து ஜே.வி.பி. இரண்டாவது தடவையாக ஆயுதம் எடுத்தது. எதிர்ப்புக்குக் காரணம் இருக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வேறு நாட்டுப் படை வந்து நின்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபம் போன இடத்தைப் பாருங்கள். இந்தியப் பொருட்களை விற்கக் கூடாது, வாங்கக் கூடாது என்று தடை. வெங்காயம் தொடங்கி மருந்து வரை. கையெழுத்துத் துண்டு ஒன்று வந்தால் கடைத்தெரு மூடும். மீறியவரைக் கொன்றார்கள். கொன்ற பிறகும் விடவில்லை, பெட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கக் கூடாது என்று கட்டளை வந்த மையத்துகள் உண்டு.

வெங்காயம் இல்லாமல் கறி சமைக்கலாம். மருந்து அப்படியா? டொக்டர் கிளாடிஸுக்கும் மிரட்டல் வந்தது. பதவியை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் மருந்து வருவதை நிறுத்தவில்லை.

அந்த வருடம் அவர் மட்டுமல்ல. மார்ச் 8ஆம் திகதி கொழும்புப் பல்கலைக்கழக உபவேந்தர் பேராசிரியர் ஸ்டான்லி விஜேசுந்தர. ஜூலை 23ஆம் திகதி ஒலிபரப்புத்துறையின் மூத்தவர் தேவிஸ் குருகே. அதே ஜூலை 31இல் வானொலி அறிவிப்பாளர் பிரேமகீர்த்தி த அல்விஸ். கையில் துப்பாக்கி இல்லாத மனிதர்கள். பல்கலைக்கழகத்தைத் திறந்து வைத்திருந்தார், ஒலிபரப்பை நடத்தினார், மருந்து வாங்கினார். அரச வேலையைச் செய்வதையே அரசாங்கத்துக்கு வால் பிடிப்பதாகக் கணக்குப் போட்டுவிட்டார்கள். நானும் ஓர் அரச ஊழியன். அரசாங்கம் மாறினாலும் அதே வகுப்பறைக்குத்தான் போகிறேன். அதனால் இந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் வரலாறு படிப்பிப்பதில் அர்த்தமில்லை. அரச படைகளும் அவற்றோடு சேர்ந்த கும்பல்களும் செய்தது சின்னதல்ல. எம்பிலிப்பிட்டியவில் பாடசாலை மாணவர்களையே கொண்டு போய்க் காணாமல் ஆக்கினார்கள். ரோகண விஜேவீர 1989 நவம்பர் 12ஆம் திகதி உலப்பனைத் தோட்ட பங்களா ஒன்றில் பிடிபட்டார், அடுத்த நாள் கொல்லப்பட்டார். நீதிமன்றத்தைக் காணவேயில்லை. (தோட்டத் தொழிலாளரை இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவி என்று வகுப்பு நடத்தியவர் கடைசியில் ஒளிந்திருந்தது தோட்டத்துக்குள்.) 1994இல் காணாமல் போனோரை விசாரிக்க அமைத்த மூன்று ஆணைக்குழுக்களில் ஒன்று, மத்திய, வடமேல், வடமத்திய மாகாணங்களோடு நம் ஊவாவுக்கும் சேர்த்து அமைத்தது. இந்தப் பக்கத்திலும் பிள்ளையைத் தேடிய சிங்களத் தாய்மார் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

"இப்போது இதை ஏன் கிளறுகிறீர்கள், அவர்கள்தானே ஆட்சியில்" என்று ஒரு நண்பர் கேட்டார். 2014இல் ஜே.வி.பி. தலைமைக்கு வந்த அநுர குமார திசாநாயக்க, அதே வருடம் பிபிசி செவ்வி ஒன்றில் அந்தக் காலக் கொலைகளுக்காக வருத்தம் தெரிவித்தார். பத்து வருடம் கழித்து வாக்குச் சீட்டால் ஜனாதிபதியானார். அவருடைய கூட்டணியில் நம் பதுளை மாவட்டத்திலிருந்து மலையகத் தமிழ்ப் பெண் ஒருவர், அம்பிகா சாமுவேல், பாராளுமன்றம் போனார். எந்தச் சனத்தைச் சந்தேகமாகப் பார்த்தார்களோ அந்தச் சனமே வாக்குப் போட்டு அனுப்பியது. துப்பாக்கி எடுத்த இரண்டு தடவையும் அவர்களுக்குக் கிடைத்தது புதைகுழிதான். அவர்களே ஒப்புக்கொண்டதை நாம் பேசக் கூச்சப்படத் தேவையில்லை.

நம் பிள்ளைகள் ஸூரா அல்மாயிதாவின் 32ஆவது வசனத்தை மனனமாக ஓதுவார்கள். பொருள் கேட்டாலும் சொல்வார்கள். அடுத்த பாடத்தில் அதற்கு உதாரணமாக இந்த அம்மையாரின் பெயரைத்தான் கரும்பலகையில் எழுதப் போகிறேன். அவர் நம் மார்க்கத்தவர் அல்ல, நம் மொழியும் அல்ல. ஆனால் அவர் வரவழைத்த மருந்து யாருடைய மார்க்கத்தையும் கேட்டு வேலை செய்யவில்லை.

ஹாலிஎல, பதுளைப் பக்கத்தில் அந்த நாட்களில் டிஸ்பென்சரியிலோ மருந்துக்கடையிலோ வேலை செய்த பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். வகுப்புக்கு அழைத்துப் போகிறேன். அந்தப் பையனின் தாத்தா ஏற்கெனவே வருவதாகச் சொல்லிவிட்டார்.