பானை யாருக்குப் பெருமை?

டி. கல்லுப்பட்டியில் 1976இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்தன. உள்ளேயும் விளிம்பிலும் கறுப்பு, வெளியே சிவப்பு. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்தது இதே வகை ஓடுதான். பானைகளைச் சூளையில் கவிழ்த்து அடுக்கிச் சுட்டிருக்கிறார்கள். கவிழ்ந்த வாய்க்குள் காற்றுப் போகாது, அங்கே கறுக்கும். காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவக்கும். ஏட்டைப் படித்துச் செய்த வேலையில்லை இது. பெற்றவர் கையைப் பார்த்துப் பிள்ளை கை பழகியது.

இந்த ஓட்டைக் காட்டித்தான் தமிழர் நாகரிகம் என்று மேடையில் பேசுகிறோம். பேசட்டும், பெருமைதான். ஆனால் பானைக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது.

கல்லுப்பட்டியைத் தாண்டித் தெற்கே போனால் அன்றைய ராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்து ஆதிக்க சாதியார் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். நகை போடாதே, சட்டை போடாதே, செருப்புப் போடாதே, குடை பிடிக்காதே. அதோடு ஒன்று: வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்காதே. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931இல் தடை பதினொன்றானது. பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். செம்பு, பித்தளைக் குடம் கூடாது. தலையில் சும்மாடாகத் துணி வைக்கக் கூடாது, வைக்கோல்தான். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

எங்க அப்பத்தாவுக்கு ஹட்டனைத் தெரியாது. "பித்தளைக் குடத்த இடுப்புல வச்சுக்கிட்டு ஊருக்குள்ள நடந்துர முடியுமாடா?" என்று கேட்கும். கூலி நெல்லை விற்று வாங்கின முதல் குடத்தைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டு வைத்திருந்ததாம். ராத்திரியில் இறக்கித் துடைத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிவிடுமாம். பகலில் மண்பானைதான்.

குயவர் வீட்டில் பானை தொழிலாக வழிவழி வந்தது. அவர்கள் கைக்கும் ஊர் மரியாதை கொடுத்ததில்லை. எங்கள் வீட்டிலோ பானை ஒரு தடையாக வழிவழி வந்தது. வனைந்த கையின் பேரும் ஓட்டில் இல்லை, சுமந்த தலையின் பேரும் இல்லை.

மண்ணுக்குள் கிடக்கிற ஓட்டைத் தேடித் தோண்டுகிறவர்கள், மண்ணுக்கு மேலே இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற கிழவிகளிடமும் வர வேண்டும். அவர்கள் வராவிட்டால் நாம் போவோம். நோட்டை எடுத்துக்கொண்டு முதலில் நம் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள், தோழர்களே. எந்தக் குடம், எந்தக் கிணறு, எந்த வருசம் என்று கேட்டு எழுதுங்கள். அதுவும் அகழாய்வுதான்.