யாரைக் கேட்டீர்கள்?

சிக்கோ மான்ஸ்ஹோல்ட்டை வில்லனாக நினைத்துத்தான் படிக்கத் தொடங்கினேன். அவரே ஒரு விவசாயி. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தை வாட்டிய பஞ்சத்தைக் கண்டவர். ஐரோப்பா இனி பட்டினி கிடக்கக்கூடாது என்பது அவர் பிடிவாதம்.

1962இல் வந்த பொது வேளாண் கொள்கை, விளைபொருளுக்கு விலை உத்தரவாதம் தந்தது. விளைச்சல் பெருகியது, கிடங்குகளில் வெண்ணெய் தேங்கியது. அதிகம் விளைவித்தவருக்கே அதிகப் பணம். சிறு விவசாயி அப்படியேதான் இருந்தார்.

1968இல் மான்ஸ்ஹோல்ட் புதுத் திட்டம் வைத்தார்: 1980க்குள் சுமார் 50 லட்சம் பேர் விவசாயத்தை விடவேண்டும், பண்ணைகள் பெரிதாகவேண்டும். கணக்கு சரிதான். ஆனா, போகச் சொன்னவங்களை யாரு கேட்டா? 1971 மார்ச்சில் விவசாயிகள் பிரஸ்ஸல்ஸில் திரண்டார்கள். கலவரத்தில் ஒருவர் இறந்தார். திட்டம் நீர்த்துப்போனது.

பயன்படுத்துபவரைக் கேட்காமல் மென்பொருள் எழுதி நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். என் தவறில் யாரும் ஊரைவிட்டுப் போகவேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

1991இல் 'லீடர்' திட்டம் வந்தது. ஊர்க்காரர்களும் சங்கங்களும் உள்ளாட்சியும் சேர்ந்த குழுவே எந்த வேலைக்குப் பணம் என்று முடிவுசெய்யும். இன்றும் அது நடக்கிறது. ஆனால் பெரும்பணம் இன்னமும் நிலத்தின் பரப்பை அளந்துதான் போகிறது. ஊரைக் கேட்டுச் செலவழிப்பது அதில் சிறு பங்குதான்.