கலுண்ட்போர்க் தொழிலகக் கூட்டுவாழ்வு

டென்மார்க் நாட்டின் சீலாந்துத் தீவில், தலைநகர் கோபன்ஹேகனுக்கு மேற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள சிறிய துறைமுக நகரம் கலுண்ட்போர்க். ஒரு தொழிற்சாலையின் கழிவை மற்றொரு தொழிற்சாலை மூலப்பொருளாகப் பயன்படுத்தும் முறைக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது இந்நகரமே. இம்முறை தொழிலகக் கூட்டுவாழ்வு எனப்படும். இரு வேறு உயிரினங்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வதைக் குறிக்கும் உயிரியல் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது.

தொடக்கம்

இதன் தொடக்கம் தண்ணீர்த் தட்டுப்பாடு ஆகும். கலுண்ட்போர்க் பகுதியில் நிலத்தடி நீர் குறைவு. எனவே 1961-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காக அருகிலுள்ள டிசோ ஏரியிலிருந்து குழாய் பதிக்கப்பட்டது. 1972-இல் அவ்வாலை வீணாக எரித்துவந்த வாயுவின் ஒரு பகுதி, பக்கத்திலிருந்த ஜிப்சம் பலகைத் தொழிற்சாலையில் பலகைகளை உலர்த்தப் பயன்பட்டது.

1973-இல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது. அப்போது டென்மார்க்கின் ஆற்றல் தேவையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை இறக்குமதி எண்ணெயே நிறைவு செய்தது. எரிபொருளைச் சிக்கனப்படுத்துவது கட்டாயமாயிற்று.

வெப்பத்தின் பயணம்

நிலக்கரி அனல்மின் நிலையம் ஒன்றில் எரிபொருளின் ஆற்றலில் சுமார் 40 விழுக்காடு மட்டுமே மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி குளிர்விக்கும் நீரோடு கடலில் கலந்து வீணாகும். கலுண்ட்போர்க்கின் ஆஸ்னேஸ் அனல்மின் நிலையம் இவ்வெப்பத்தை 1981 முதல் நகர வீடுகளுக்கு அளித்தது. இதனால் சுமார் 3,500 வீட்டு எண்ணெய் உலைகள் தேவையற்றுப் போயின. 1982-இல் சுத்திகரிப்பு ஆலைக்கும், இன்சுலின் தயாரிக்கும் நோவோ நிறுவனத்துக்கும் நீராவி செல்லத் தொடங்கியது.

பொருள்களின் பயணம்

மின்நிலையத்தின் சாம்பல் சிமெண்ட் தயாரிப்புக்குச் சென்றது. இன்சுலின் தயாரிப்பில் மிஞ்சிய ஈஸ்ட் பன்றிகளுக்குத் தீவனமானது. நொதித்தல் கசடு வயல்களுக்கு உரமானது. 1993-இல் மின்நிலையத்தின் புகையிலுள்ள கந்தக டைஆக்சைடைச் சுண்ணாம்பு கொண்டு அகற்றும் அமைப்பு நிறுவப்பட்டது. அப்போது கிடைத்த ஜிப்சம், பலகைத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாயிற்று. இதனால் சுரங்க ஜிப்சத்தின் தேவை குறைந்தது.

வெற்றிக்கான காரணங்கள்

இதற்கென அரசு எந்தப் பெருந்திட்டமும் வகுக்கவில்லை. இருவருக்கும் ஆதாயம் தரும் தனித்தனி ஒப்பந்தங்களாகவே இது வளர்ந்தது. தொழிற்சாலைகள் அருகருகே இருந்தன. நீராவியை நெடுந்தொலைவு கொண்டு செல்ல முடியாது என்பதால் இது இன்றியமையாதது. சிற்றூர் ஆதலால் மேலாளர்கள் ஒருவரையொருவர் நன்கு அறிந்திருந்தனர். தாம் செய்துவந்தது ஒரு முழுமையான வலைப்பின்னல் என்பதை 1980களின் இறுதியில்தான் அவர்களே உணர்ந்தனர். கூட்டுவாழ்வு என்ற பெயரும் அப்போதுதான் வழக்கிற்கு வந்தது.

நிலக்கரி எழுப்பிய சிக்கல்

இந்த வலைப்பின்னலின் நடுவில் இருந்தது நிலக்கரி. நீராவி, சாம்பல், ஜிப்சம் ஆகிய மூன்றும் அதிலிருந்தே கிடைத்தன. கழிவு பயன்பட்டாலும், எரிந்த நிலக்கரியின் கார்பன் டைஆக்சைடு வளிமண்டலத்தையே அடைந்தது. காலநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்த நிலக்கரியைக் கைவிட்டால், அதன் கழிவை நம்பியிருக்கும் ஆலைகள் மாற்றுவழி தேட வேண்டும். பிறர் கழிவை நம்பும் எந்தத் தொழிலும் சந்திக்கும் இடர்ப்பாடு இது.

பின்னர் ஆஸ்னேஸில் மரச்சில்லுகளை எரிக்கும் புதிய அலகு அமைக்கப்பட்டது. 2020 முதல் நகருக்கான வெப்பமும் ஆலைகளுக்கான நீராவியும் அதிலிருந்து கிடைக்கின்றன. மரம் எரியும்போதும் கார்பன் வெளியேறுகிறது. வெட்டப்பட்ட மரங்களுக்கு ஈடாகப் புதியவை வளர்ந்தால்தான் அது மீண்டும் உறிஞ்சப்படும். எனவே மர எரிபொருள் குறித்த விவாதம் தொடர்கிறது.

கழிவைப் பகிர்வது இயற்கை வளங்களைச் சேமிக்கிறது. எனினும் உள்ளே வரும் எரிபொருள் எது என்பதே காலநிலைக்கு ஏற்படும் பயனை முடிவு செய்கிறது. கலுண்ட்போர்க்கின் அறுபது ஆண்டு வரலாறு இவ்விரண்டையும் சேர்த்தே உணர்த்துகிறது.