பிடி அரிசியும் பெட்டிக் கூலியும்

2023ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வு முடிவுகளில் 97.85 சதவீதத் தேர்ச்சியுடன் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்தது விருதுநகர் மாவட்டம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. 1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகு, நெடுங்காலம் அந்த முதலிடம் எங்களுக்கே எழுதி வைத்தது போல இருந்தது. நடுவில் சில ஆண்டுகள் கைநழுவியது. 2017இலும் 2018இலும் மறுபடி வந்தது.

இதே மாவட்டத்துக்கு இன்னொரு எண்ணும் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் ஏறத்தாழ 88 சதவீதம். பெண்கள் ஏறத்தாழ 73 சதவீதம். அதாவது, நான்கில் ஒரு பெண்ணுக்கும் மேல் எழுத்து தெரியாது. முதல் எண் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் வரும். இரண்டாவது எண் அரசாங்கப் புத்தகத்திலேயே கிடக்கும். ஆனால், இரண்டு எண்களும் பெரும்பாலும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன. தேர்ச்சிப் பட்டியலில் இருப்பவள் மகள். அவளுடைய மதிப்பெண் பட்டியலை வாங்க வந்து, கையெழுத்துப் போடும் இடத்தில் பெருவிரலை நீட்டுகிறவள் அம்மா.

நான் இந்த மாவட்டத்தில் அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியை. ஆண்டுதோறும் தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்குப் போட்டு அனுப்புகிறவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் பகுதியின் கல்வி வரலாறு என்றால், பள்ளிகளைக் கட்டிய பெரியவர்களின் வரலாறாகவே அதைச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். அந்தப் பள்ளிகளுக்கான விலையைக் கொடுத்தவர்கள் யார் என்று பார்த்தால், அதில் பெரும்பங்கு பள்ளிக்குப் போக முடியாத பெண்களுடையது.

கதையை விருதுபட்டியிலிருந்து தொடங்க வேண்டும். விருதுநகரின் பழைய பெயர் அது. வணிகம் செய்த நாடார் சமூகத்தினர் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை ‘மகமை’ என்று ஒதுக்கி, ஊர்ப் பொதுக்காரியங்களுக்குச் செலவிட்டார்கள். அந்தப் பணத்தில் 1885இல் எழுந்தது சத்திரிய வித்தியாசாலை. காமராஜர் சிறுவனாகப் படித்ததும், படிப்பைப் பாதியில் விட்டதும் அங்கேதான். கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று தடுக்கப்பட்ட, 1899இல் சிவகாசிக் கலவரத்தைக் கண்ட ஒரு சமூகம், பள்ளிக்கூடத்தைத் தன்மானத்தின் கருவியாகக் கண்டுகொண்டது. இந்தப் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

மகமையோடு சேர்த்து, பிடி அரிசியைப் பற்றியும் விருதுநகரில் சொல்வார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அது சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும். மகமை கடையிலிருந்து வந்தது. அதைக் கொடுத்தவர்களின் பெயர் ஏட்டில் ஏறியது. பிடி அரிசி அடுப்படியிலிருந்து வந்தது. அந்தப் பிடியை அளந்த கை யாருடையது? அந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தவளின் கை. அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவள் கொடுத்த அரிசியில் முதலில் படித்தவர்களும் பையன்கள்தான்.

அடுத்த கட்டம் சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் விவசாய வேலை கிடையாது. வெயில் மட்டும் குறைவில்லாமல் கிடைக்கும். காய வைக்க வேண்டிய தொழிலுக்கு அது தோதான இடம். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சகமும் வந்தன. ‘குட்டி ஜப்பான்’ என்று பெயர் வாங்கியது ஊர்.

எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டோம். தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ் என்போம். தீப்பெட்டி ஆபீஸில் குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குவதும், பெட்டி ஒட்டுவதும், பெட்டியில் குச்சி அடைப்பதும் பெண்களின் வேலை, அதிலும் சிறுமிகளின் வேலை. பிஞ்சு விரல்தான் குச்சிக்கு ஏற்றது என்று ஒரு நியாயம் சொல்வார்கள். விரலின் நளினத்தைவிட, கூலியின் மலிவும், திட்டினால் திருப்பிப் பேசாத வயதும்தான் காரணம். வீட்டிலும் ஒரு நியாயம் இருந்தது: பையன் படித்தால் குடும்பத்தைக் காப்பாற்றுவான், பொண்ணு சம்பாதித்தால் அவள் நகைக்காவது ஆகும்.

அரையாண்டோ ஓராண்டோ பள்ளிக்குப் போய், தம்பி பிறந்ததும் நின்று, தம்பி பள்ளிக்குப் போகும் வயதில் அவன் நோட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்த அக்காக்கள் எங்கள் ஊர்களில் தெருவுக்குத் தெரு உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று தமிழ்நாடு எதிர்த்தது. 1954இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. ஆனால், கரிசல் காட்டுச் சிறுமிக்கு அந்த அரைநாள்கூடக் கிடைக்கவில்லை. அவளுடைய குலக்கல்வி எந்தச் சட்டமும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

விடியுமுன்னே கிராமங்களுக்கு வண்டி வரும். தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். 1976இல் அப்படி ஒரு பேருந்து விபத்துக்குள்ளாகிக் குழந்தைகள் இறந்த பிறகுதான், அரசு ஹர்பன்ஸ் சிங் குழுவை அமைத்து விசாரித்தது. 1983இல் ஸ்மிது கோத்தாரி ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ இதழில் எழுதிய கட்டுரை, சிவகாசி வட்டாரத்தில் 45,000 குழந்தைகள் வேலை செய்வதாகச் சொன்னது. அரசுக் கணக்கு வேறு மாதிரி இருந்தது. 1985 இறுதியில் பதிவுபெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 தொழிலாளர்கள். அவர்களில் குழந்தைகள் 2,941 பேர் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

இரண்டு எண்களுக்கும் இடையில் இவ்வளவு தூரம் எப்படி வந்தது? ஒரு காரணம், பதிவுபெறாத பட்டறைகளும் வீடுகளும். 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலைகளைத் தடைசெய்தது. ஆனால், குடும்பத்தாரின் உதவியோடு வீட்டில் நடத்தும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. பெட்டி ஒட்டியது வீட்டுத் திண்ணையில். ஒட்டியது பெண் பிள்ளை. வீட்டில் பெண் செய்வது வேலையே இல்லை என்ற பழைய எண்ணம், இங்கே சட்டத்தின் வாசகமாகவே வந்து உட்கார்ந்தது.

பெண் எழுத்தாளர்களில் ராஜம் கிருஷ்ணன் இந்தச் சிறுமிகளைத் தேடிவந்து ‘கூட்டுக்குஞ்சுகள்’ நாவலை எழுதினார். பின்னர் எழுத்தாளர் பூமணி ‘கருவேலம்பூக்கள்’ படத்தை எடுத்தார். அரசுக் கணக்கில் விடுபட்ட பிள்ளைகளை இலக்கியமும் சினிமாவும் ஓரளவு கணக்கில் சேர்த்தன.

என் அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். மாமா பத்து வரை படித்தார். அம்மா ஒட்டிய பெட்டிக்குக் கூலி குரோஸ் கணக்கில். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார். ஆனால், வாரக் கடைசியில் ஏஜென்ட் தன் நோட்டில் எழுதியிருப்பதுதான் கணக்கு. நான் நாலாம் வகுப்புப் படித்தபோது எங்கள் டீச்சர் பன்னிரண்டாம் வாய்ப்பாடு நடத்தினார். வகுப்பிலிருந்த பெண் பிள்ளைகள் எல்லாரும் ‘பன்னிரண்டு பன்னிரண்டு நூத்தி நாப்பத்தி நாலு’ என்று முன்கூட்டியே கத்தினோம். டீச்சர் சிரிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கூலியையே கணக்காகப் போட வைத்தார்: இத்தனை குரோஸ், குரோஸுக்கு இவ்வளவு, கழிவு போக எவ்வளவு? அந்த வாரம் அம்மாவின் கரிக்கோட்டையும் ஏஜென்டின் நோட்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நோட்டில் இரண்டு குரோஸ் குறைந்திருந்தது. சொன்னேன். முறைத்துக்கொண்டே திருத்தினார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுப் பெண்கள் வாரக் கடைசியில் என்னைக் கூப்பிடத் தொடங்கினார்கள். அம்மா என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் பேச்சை அதன் பிறகு எடுத்ததில்லை.

அந்த டீச்சர் நடத்திய பாடம் எந்தத் தேர்ச்சி விழுக்காட்டிலும் ஏறியிருக்காது. ஆனால், கல்வியின் நீண்ட கால விளைவைத் தேடுகிறவர்கள் இதைப் போன்ற இடங்களில்தான் தேட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ராஜ் செட்டி, ஜான் ஃபிரீட்மன், ஜோனா ராக்காஃப் ஆகிய மூவரும் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பள்ளிப் பதிவுகளை, அவர்கள் பெரியவர்களான பிறகு கட்டிய வரிப் பதிவுகளோடு சேர்த்து ஆராய்ந்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வின்படி, நல்ல ஆசிரியரிடம் ஓராண்டு படித்தவர்களுக்கு மதிப்பெண்ணில் கிடைத்த கூடுதல் பலன் சில ஆண்டுகளிலேயே பெருமளவு மங்கிவிட்டது. ஆனால், வளர்ந்த பிறகு அவர்கள் கல்லூரிக்குப் போவதும் அதிகம், வருமானமும் அதிகம், பதின்வயதிலேயே தாயாவது குறைவு. மதிப்பெண்ணில் மறைந்தது வாழ்க்கையில் தெரிந்தது.

இன்னொரு சான்று இந்தோனேசியாவிலிருந்து. அந்நாட்டு அரசு 1973 முதல் 1978 வரை 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. அதனால் படிப்பும் கூலியும் உயர்ந்ததை எஸ்தர் டுஃப்லோ 2001இல் நிறுவினார். அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள் பெற்றோரான பிறகு, அவர்களுடைய பிள்ளைகளையும் வேறு ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். அடுத்த தலைமுறைக்குக் கிடைத்த பலன், அம்மா படித்திருந்தால் கூடுதலாக இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் முழு விளைவைப் பார்க்க ஒரு தேர்வு போதாது. இரண்டு தலைமுறை வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் அந்த இரண்டு தலைமுறைக்குள் எத்தனையோ சேர வேண்டியிருந்தது. 1950களில் காமராஜர் காலப் பள்ளிகளும் மதிய உணவும்; 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, விருதுநகரில் 1962இல் வே.வ.வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி. சிவகாசியில் 1968இல் எஸ்.எஃப்.ஆர். பெண்கள் கல்லூரி. பட்டாசு நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு பெண்கள் கல்லூரி! வெடி ஆபீஸுக்குப் போனவளின் பேத்தி அங்கே பட்டம் வாங்கியிருக்கிறாள் என்பதையும், அவளுடைய அம்மாச்சியின் படிப்பு எங்கே போயிற்று என்பதையும் நாம் சேர்த்தே பேச வேண்டும்.

நீதிமன்றமும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம், உற்பத்தி நடக்கும் இடத்திலிருந்து தள்ளி, அடைக்கும் வேலையில் குழந்தைகளை வைத்துக்கொள்ளலாம், பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது கொடுக்க வேண்டும் என்றது. 1996 டிசம்பர் 10 அன்றுதான், ஆபத்தான தொழிலில் வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தக் குழந்தை படிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நான் பிளஸ் டூ முடித்தது அந்த ஆண்டுதான். என் வயதுப் பெண்கள் பலருக்கு அந்தத் தீர்ப்பு பத்தாண்டு தாமதம்.

சரி, இப்போது பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். 2023 பிளஸ் டூ தேர்வில் மாநில அளவில் மாணவிகள் 96.38 சதவீதமும் மாணவர்கள் 91.45 சதவீதமும் தேர்ச்சி பெற்றார்கள். தேர்ச்சி பெற்றவள் எங்கே போனாள்? 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம், எட்டாம் வகுப்பு வரை படித்த பெண்ணுக்கு 5,000 ரூபாய் கொடுத்தது, அவளுடைய திருமணத்துக்காக. அந்தப் பணத்துக்காகவே எட்டு வரை படிக்க வைக்கப்பட்டவர்கள் எங்கள் ஊரில் உண்டு. ஆகவே அது வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால், பெண் படிப்பின் முடிவு கல்யாணம் என்பதை அரசே எழுதிக் கொடுத்தது போல அது இருந்தது. 2022 செப்டம்பரில்தான் அது புதுமைப் பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவியின் கையில் மாதம் 1,000 ரூபாயாக வந்தது. கல்யாணத்திலிருந்து கல்லூரிக்கு வர 33 ஆண்டுகள்.

2024இல் பிளஸ் டூ முடிவுகள் மே 6 அன்று வந்தன. பத்தாம் வகுப்பு முடிவுகள் மே 10 அன்று. நடுவில், மே 9 அன்று, சிவகாசி அருகே செங்கமலப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துப் பெண்கள் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2023 அக்டோபரில் ரெங்கபாளையம் என்று அந்த வரிசை நீளமானது. குழந்தைகள் ஆலையை விட்டு வெளியேறினார்கள். அம்மாக்கள் அங்கேயே இருக்கிறார்கள், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக. பிடி அரிசி கொடுத்தவளின் இடத்தில் இப்போது இவர்கள்.

எங்கள் பள்ளிகளில் தேர்ச்சி விழுக்காட்டுக்கு ஒரு பலகை இருக்கிறது. ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து அந்த மாணவிகள் என்ன ஆனார்கள் என்பதற்கு ஒரு பதிவேடு வேண்டும். கல்லூரி முடித்தாளா, எந்த வயதில் கல்யாணம், தன் பெயரில் சம்பளம் வருகிறதா, வெடி ஆபீஸில் இருக்கிறாளா என்று எழுதிப் பார்த்தால்தான், முதலிடம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியும்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் அம்மாவிடமோ அம்மாச்சியிடமோ மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனையாம் வகுப்போடு நின்றீர்கள்? யாருக்காக நின்றீர்கள்? அன்றைக்கு என்ன கூலி? பதில்களைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். எங்கள் மாவட்டத்தின் கல்வி வரலாற்றில் இன்னும் எழுதப்படாத அத்தியாயம் அது.