சொல்முதல் ஒலியும் பொருளின் ஈர்ப்பும்: ஆங்கிலச் சான்றுகள்

ஆங்கிலத்தில் ஜி-எல் என்னும் ஈரெழுத்தில் தொடங்கும் கிளோ, கிளீம், கிளிட்டர், கிளின்ட், கிளிம்மர் ஆகிய சொற்கள் யாவும் ஒளியைக் குறிப்பவை. எஸ்-என் எனத் தொடங்கும் ஸ்னோர் (குறட்டை), ஸ்னீஸ் (தும்மல்), ஸ்னிஃப் (மோத்தல்) ஆகியவை மூக்கைச் சார்ந்தவை. இத்தொடக்கங்கள் உருபன்கள் அல்ல. 'கிளிட்டர்' என்பதில் ஜி-எல்லைப் பிரித்தால் எஞ்சும் பகுதிக்குப் பொருளில்லை. மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1930இல் இவற்றுக்கு ஃபோனெஸ்தீம் எனப் பெயரிட்டார். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறியே என்ற மொழியியலாளர் சசூரின் கொள்கையோடு இவை எவ்வாறு பொருந்தும்?

ஒலியிலேயே பொருள் உறைகிறது என்பது ஒரு விடை. அது நிற்காது. பிரெஞ்சில் அதே ஒலியில் தொடங்கும் கிளாஸ் பனிக்கட்டியையும் கிளிஸே வழுக்குதலையும் குறிக்கின்றன. ஆங்கிலத்திலேயே கிளவ் (கையுறை), குளூ (பசை) உண்டு.

மிளிர்தலைக் குறித்த தொல் இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றின் எச்சமே இச்சொற்கள் என்பது இரண்டாவது விடை. ஜி-எல் சொற்கள் பலவற்றுக்கு இது பொருந்தும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் 'ஒளிர்கின்ற' என்றும் பொருள்பட்ட 'கிளாட்' இன்று மகிழ்ச்சியை மட்டுமே சுட்டுகிறது. மாறாக, 'கிளாமர்' அக்குடியில் பிறந்ததே அன்று. 'கிராமர்' என்பதன் ஸ்காட்லாந்துத் திரிபாகிய அது கண்ணை மயக்கும் மாயத்தைக் குறித்து, பின்னர் பளபளக்கும் கவர்ச்சியாயிற்று. ரகரம் லகரமானதற்கு ஒலித்திரிபு காரணமாகலாம். பொருள் சென்ற திசையை அது விளக்காது.

இதனினும் வலிய சான்று 'ஸ்னீஸ்'. இதன் பழைய வடிவம் எஃப்-என் எனத் தொடங்கியது. அத்தொடக்கம் மொழியில் அருகியபின், 15ஆம் நூற்றாண்டில் எஸ்-என் வடிவம் எழுந்தது. நீண்ட எஸ் எழுத்தும் எஃப்பும் கையெழுத்தில் ஒத்திருந்ததால் நேர்ந்த பிழைவாசிப்பு அது என்பர். பிறப்புக்கு இவ்விளக்கம் போதும், நிலைபேற்றுக்குப் போதாது. முதலொலி இழந்த 'நீஸ்' வடிவமும் அன்று வழங்கியது. மூக்குச் சொற்களின் கூட்டம் எஸ்-என் பக்கம் இருந்ததே அவ்வடிவம் வென்றதற்குத் தக்க காரணம் எனலாம்.

ஏற்ற எடுத்துக்காட்டுகளை மட்டும் பொறுக்குவதாக இதை மறுக்கக்கூடும். பெஞ்சமின் பெர்கன் 2004இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடையளிக்கிறது. அவர் எண்ணிய ஜி-எல் சொற்களில் ஏறத்தாழ 39 விழுக்காடு ஒளியையோ பார்வையையோ சார்ந்தவை. ஒலி மட்டுமோ பொருள் மட்டுமோ ஒத்த இணைகளைவிட, இரண்டும் ஒத்த இத்தகைய இணைகளில் ஒரு சொல்லைக் கண்டபின் மற்றதை வாசகர் விரைவாக இனங்கண்டனர்.

ஆகவே ஃபோனெஸ்தீமின் பொருள் ஒலியின் இயல்பும் அன்று, வேரின் மிச்சமும் அன்று. வழக்கில் திரண்ட சொற்கூட்டத்தின் ஈர்ப்பு. தனிச்சொல் இடுகுறியாகப் பிறக்கலாம். கூட்டம் திரண்டபின், எந்த வடிவம் நிலைக்கும், எப்பொருள் அதில் ஏறும் என்பவை முற்றிலும் தற்செயலாக நிகழ்வதில்லை. சசூரின் கொள்கை சொல்லின் தோற்றத்துக்குப் பொருந்தும்; அதன் பின்வரலாற்றுக்கு அது மட்டும் போதாது.