எதிரி என்றால் யார்? - ஒரு மெடலின் கதை

போன வாரக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். ஊர் சாமல்பட்டி. ஜோலார்பேட்டை - சேலம் ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எங்க ஸ்டேஷன் போர்டைப் பார்த்திருப்பீர்கள், இறங்கியிருக்க மாட்டீர்கள் :-)

எங்க தெருவில் ஒரு மிலிட்டரி மாமா இருக்கிறார். மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் சென்டர் இருக்கிறதே, அதே படைப்பிரிவுதான். அவர் வீட்டு டிவியில் "அமரன்" ஓடிக்கொண்டிருந்தது. படம் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, கம்ப்யூட்டர்ல எல்லாம் பாக்கறியே. இந்தப் பையன் முகுந்துக்கு ஏன் அசோக் சக்ரா? ஏன் பரம் வீர் சக்ரா குடுக்கல?" என்றார்.

பதில் அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ராத்திரி உட்கார்ந்து தோண்டியதில் கிடைத்தவைதான் இந்தப் பதிவு.

பரம் வீர் சக்ரா 1950 ஜனவரி 26 அன்று உருவாக்கப்பட்டது. 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்று முன்தேதியிட்டார்கள். காஷ்மீர் போரில் இறந்தவர்களுக்கும் கொடுக்க வேண்டுமே! இதுவரை 21 பேர்தான் வாங்கியிருக்கிறார்கள். அதில் 14 பேர் உயிரோடு இல்லாமல் வாங்கினார்கள். கார்கிலுக்கு (1999) நான்கு பேர். அதற்கப்புறம் யாருக்கும் இல்லை.

விதியில் இருக்கும் முக்கியமான நிபந்தனை, வீரச்செயல் "எதிரியின் முன்னிலையில்" நடந்திருக்க வேண்டும் என்பது. எதிரியின் முன்னிலையில் இல்லாத வீரத்துக்குத்தான் அசோக் சக்ரா. 1952-ல் வந்தது. சிவிலியன்களுக்கும் உண்டு. விமானக் கடத்தலில் பயணிகளைக் காப்பாற்றி இறந்த நீரஜா பனோட் வாங்கியது இதைத்தான்.

இந்தப் பிரிவினை வெள்ளைக்காரன் காலத்திலேயே இருந்தது. எதிரி முன்னால் என்றால் விக்டோரியா கிராஸ், இல்லையென்றால் ஜார்ஜ் கிராஸ். 1944-ல் இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப் போகிற கண்ணிவெடி மேல் தானே பாய்ந்து விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டு இறந்தவர் சுபேதார் சுப்ரமணியன். மாமாவின் அதே மெட்ராஸ் சாப்பர்ஸ். அவருக்குக் கிடைத்தது ஜார்ஜ் கிராஸ். கண்ணியைப் புதைத்துவிட்டு எதிரி போய்விட்டான், அந்த நேரத்தில் அங்கே இல்லை. அதனால் அந்த விருது.

சரி, முகுந்துக்கு வருவோம். 2014 ஏப்ரல் 25, ஷோபியான் மாவட்டம். 44-வது ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ். எதிரில் துப்பாக்கியோடு சுட்டுக்கொண்டிருந்தவன் ஹிஸ்புல் முஜாஹிதீன் தளபதி. ஆனால் இடம் இந்தியாவுக்குள், நடந்தது போர் அல்ல, உள்நாட்டுப் பாதுகாப்பு வேலை. அதனால் சுடுகிறவன் "தீவிரவாதி", விருதுக் கணக்கில் "எதிரி" இல்லை.

இதில் வேடிக்கை, 1950-ம் வருட ராணுவச் சட்டம் மூன்றாம் பிரிவில் "எதிரி" என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. ஆயுதம் ஏந்திய கலகக்காரர், ஆயுதம் ஏந்திய கிளர்ச்சிக்காரர், கடற்கொள்ளையர் எல்லாரும் எதிரிதான். அந்தச் சட்டப்படி முகுந்த் எதிரியோடுதான் சண்டை போட்டார். விருது ஃபார்மில் மட்டும் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று டிக் அடித்துவிட்டார்கள். எங்க ஆபீசில் பக் ரிப்போர்ட் போடும்போது தப்பான கேட்டகரி தேர்ந்தெடுத்துவிட்டால், அப்புறம் எவ்வளவு பெரிய பிரச்னையாக இருந்தாலும் அது வேற க்யூவில்தான் போய் நிற்கும். கிட்டத்தட்ட அந்தக் கதை.

இப்போது இன்னொருவர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பம்பாயில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். முகுந்த் பயிற்சி எடுத்த அதே சென்னை ஓ.டி.ஏ.வில் பயிற்சி எடுத்து 1972-ல் ராணுவத்தில் சேர்ந்தவர். 1987 நவம்பர் 25 ராத்திரி, யாழ்ப்பாணப் பகுதியில் தேடுதல் முடித்துத் திரும்பும்போது புலிகள் மறைந்திருந்து தாக்கினார்கள். இவர் சுற்றிவளைத்துப் பின்பக்கமாகப் போய் மோதினார். கைகலப்பில் மார்பில் குண்டு. சுட்டவன் கையிலிருந்தே துப்பாக்கியைப் பிடுங்கி அவனைச் சுட்டுவிட்டு, உயிர் போகும்வரை கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார் என்கிறது விருதுக் குறிப்பு. வயது 41. பரம் வீர் சக்ரா.

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. போனது "அமைதி காக்கும் படை". ஒப்பந்தம் போட்டு நட்பு நாட்டுக்குப் போனது. எந்த நாட்டோடும் போர் இல்லை. ஆனாலும் கொடுத்தது போர்க்கால விருது! 1961-ல் காங்கோவில் ஐ.நா. படையில் இறந்த கேப்டன் சலாரியாவுக்கும் இதே பரம் வீர் சக்ராதான். ஆக, எதிரி வெளிநாட்டு ராணுவமாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. எல்லைக்கு வெளியே இருந்தால் எதிரி, உள்ளே இருந்தால் எதிரி இல்லை என்ற வழக்கம்தான் வேலை செய்கிறது போல. பணத்திலும் வித்தியாசம் உண்டு: 2017-ல் உயர்த்தியபோது மாதப்படி பரம் வீர் சக்ராவுக்கு 20,000, அசோக் சக்ராவுக்கு 12,000.

பரமேஸ்வரனுக்கு அரசாங்கம் மிக உயர்ந்த விருதைக் கொடுத்தது. ஓ.டி.ஏ. அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயர். ஆனால் நம்ம ஊரில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? காரணம் ஒன்றும் ரகசியம் இல்லை. அங்கே எதிரில் நின்றவர்களும் தமிழர்கள். 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளையும் டாக்டர்களையும் நர்சுகளையும் அந்தப் படை சுட்டுக்கொன்றதை யாரும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. 1990 மார்ச்சில் படை சென்னை திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. "எதிரி" என்ற வார்த்தைக்கு டெல்லி ஒரு அர்த்தம் வைத்திருந்தது, தமிழ்நாடு வேறு அர்த்தம் வைத்திருந்தது. நடுவில் இறந்தவர்கள் இறந்தவர்கள்தான்.

மறுநாள் காலையில் டீக்கடையில் மாமாவிடம் இதையெல்லாம் ஒப்பித்தேன். கேட்டுவிட்டு, "கரெக்டு. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்குப்பா. எவனாவது பாக்கணும். பாத்தவன் உசுரோட திரும்பணும். அதை ஒரு ஆபீசர் எழுதணும்" என்றார்.

நிஜம்தான். பரிந்துரை யூனிட்டிலிருந்து கிளம்பி, படிப்படியாக மேலே போய், பாதுகாப்பு அமைச்சகக் குழுவைத் தாண்டி ஜனாதிபதி வரை போக வேண்டும். முதல் காகிதமே இல்லையென்றால்? 1962-ல் ரெசாங் லாவில் மேஜர் ஷைத்தான் சிங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களும் கடைசிவரை நின்று செத்ததை, தப்பி வந்தவர்கள் சொன்னபோது முதலில் நம்பவில்லை. அடுத்த வருடம் பனிக்குள் உறைந்த உடல்கள் கிடைத்த பிறகுதான் நம்பினார்கள். தலைகீழாகவும் நடந்திருக்கிறது: அதே போரில் மேஜர் தன் சிங் தாபா இறந்துவிட்டார் என்று விருது கொடுத்தார்கள், மனிதர் சீனச் சிறையில் உயிரோடு இருந்தார். கார்கிலில் யோகேந்திர சிங் யாதவுக்கும் "மறைவுக்குப் பின்" என்றே அறிவிப்பு வந்தது. அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்!

மாமாவும் 87-ல் இலங்கை போனவர். அவர் கூட இருந்த ஒரு தர்மபுரிக்காரர், ரோட்டில் கண்ணி தேடிப் போகும்போது பின்னால் வந்தவர்களை "நில்லு, வராதே" என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தான் மட்டும் குனிந்தாராம். அவ்வளவுதான். பார்த்த இரண்டு பேரில் ஒருவரைக் காயத்தோடு ஹெலிகாப்டரில் கொண்டு போய்விட்டார்கள். இன்னொருவர் மாமா.

"நீங்க சொல்லலையா மாமா?"

"சொன்னேன். அன்னிக்கு ராத்திரியே எங்களை வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. யாரு எழுதறது? எனக்கு அப்போ லெட்டர் எழுதவே வராது."

சுப்ரமணியன் செய்ததற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒன்று காகிதத்தில் ஏறியது, மற்றது மாமாவின் தலைக்குள்ளேயே நாற்பது வருடமாகக் கிடக்கிறது. 21 என்ற எண்ணை இனிமேல் என்னால் "மிக வீரமான 21 பேர்" என்று படிக்க முடியாது. அவர்கள் வீரத்தில் துளி சந்தேகம் இல்லை. ஆனால் அது பார்த்த ஆள் இருந்த, எழுத ஆள் இருந்த, எதிரி என்று ஒத்துக்கொள்ளப்பட்டவன் எதிரில் நின்ற 21 பேர்.

கடைசி பஸ்ஸுக்கு முன்னால் மாமாவை உட்கார வைத்து, அந்த தர்மபுரிக்காரர் பெயர், ஊர், நடந்த இடம், நேரம் எல்லாம் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். நாலு பக்கம் வந்தது. குடும்பத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்வரை பெயரை இங்கே போடுவதாக இல்லை.

டிஸ்கி: உங்க தெருவிலும் ஒரு மிலிட்டரி மாமா இருப்பார். சரக்கு பாட்டில் கேட்பதோடு நிறுத்தாமல், ஒரு நாள் கதையும் கேளுங்கள். கேட்டதை எழுதியும் வையுங்கள்.